பின்னால் இருப்பவருக்கு எந்த ஹெல்மெட்? தலைக்கவசச் சட்டமும் இருவரின் பொறுப்பும்

கொழும்பில் இரண்டு பேர் போகும் மோட்டார் சைக்கிள்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஓட்டுபவர் முகத்தை மூடும், கனமான, நல்ல விலை கொடுத்து வாங்கிய ஹெல்மெட் போட்டிருப்பார். பின்னால் இருக்கும் மனைவியோ தங்கையோ நண்பரோ போட்டிருப்பது பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் தொப்பி. பட்டி தொங்கும், அல்லது அதன் பூட்டு எப்போதோ உடைந்திருக்கும். பல வீடுகளில் அதைப் "பொலிசுக்குப் போடுற ஹெல்மெட்" என்றே சொல்வார்கள். ஆனால் விழும்போது இருவரும் ஒரே வேகத்தில்தான் விழுகிறார்கள். அதிலும் பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஹான்டில் இல்லை, எதிரே என்ன வருகிறது என்றும் தெரியாது. உடம்பை இறுக்கிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் அவர் தூக்கி எறியப்படுகிறார்.

புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர்களுக்கும், பின்னால் ஏறிப் போகிறவர்களுக்கும் தலைக்கவசத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே விளக்குகிறோம். சட்டம் கேட்பது ஹெல்மெட் தலையில் இருக்க வேண்டும் என்பதை. அது உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் அளவு சரியாக இருக்க வேண்டும், உள்ளே நுரை இருக்க வேண்டும், பட்டி பூட்டியிருக்க வேண்டும். இந்த மூன்றையும் எந்தப் பொலிஸ்காரரும் வீதியில் நிறுத்திச் சோதிக்கப் போவதில்லை. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் சொல்வது

இலங்கையில் வீதிப் போக்குவரத்தின் அடிப்படைச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். அதன்படி மோட்டார் சைக்கிளை ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் பாதுகாப்புத் தலைக்கவசம் அணிய வேண்டும். ஸ்கூட்டிக்கும் இதே சட்டம்தான். கோயிலுக்குப் போனாலும், பள்ளிவாசலுக்குப் போனாலும், சந்திக் கடையில் பாண் வாங்கப் போனாலும் அதேதான். "பக்கத்திலதானே" என்று சொல்லிக்கொண்டு வெறுந்தலையோடு போகிறவர்கள் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் சின்னத் தெருக்களிலும் நிறைய இருக்கிறார்கள். சின்னத் தெருவில் வேகம் குறைவு என்பது உண்மை. ஆனால் கேற்றைத் திறந்துகொண்டு பின்னோக்கி வரும் கார், குறுக்கே பாயும் நாய், சட்டென்று திரும்பும் ஓட்டோ எல்லாம் அங்கேதான் அதிகம்.

2018 இல் திருத்தப்பட்ட தண்டப் பட்டியலின்படி தலைக்கவசம் அணியாததற்கு அந்த இடத்திலேயே எழுதும் தண்டம் 1,000 ரூபாய். சீட்டு எழுதிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் கட்ட வேண்டும். அதைத் தவறவிட்டால் 28 ஆம் நாள் வரைக்கும் இரட்டிப்புத் தொகை. அதையும் தாண்டினால் நீதிமன்றம். பின்னால் இருப்பவர் ஹெல்மெட் போடாவிட்டாலும் நடைமுறையில் சீட்டு ஓட்டுபவரின் கைக்குத்தான் வரும். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது: வண்டி அவருடையது, கிளப்புவதும் கிளப்பாமல் நிற்பதும் அவர் முடிவு.

முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட்டுக்குத் தடை இருக்கிறதா என்று பலர் இன்னும் கேட்கிறார்கள். அந்த வகை ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கொள்ளையடிக்கிறார்கள் என்ற காரணத்தைக் காட்டி 2015 இல் பொலிஸ் அதற்குத் தடை கொண்டுவரப் பார்த்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் எதிர்த்தார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு கொடுத்து அந்த முயற்சியை நிறுத்தியது. முகத்தை மூடுவது திருடனுக்கு உதவும் என்ற கவலை புரிகிறது. ஆனாலும் தாடையைக் காப்பது அந்த வகை மட்டும்தான். அதனால் அதைப் போடுங்கள். வங்கிக்குள்ளோ நகைக்கடைக்குள்ளோ ஹெல்மெட்டோடு நுழையாதீர்கள். சோதனைச் சாவடியில் பொலிசார் மறித்தால் அவர்கள் கேட்பதற்கு முன்பே கண்ணாடியை உயர்த்துங்கள், கேட்டால் கழற்றுங்கள்.

மற்றப் பத்திரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 100 சீசீ வரையான வண்டிக்கு ஏ1 வகுப்பும் அதற்கு மேலானதற்கு ஏ வகுப்பும் சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருக்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் நடைமுறையில் இருக்க வேண்டும். மூன்றாந்தரப்புக் காப்புறுதி உங்களுடைய சொந்தக் காயத்துக்குப் பணம் தராது. பின்னால் இருப்பவருக்குத் தருமா என்பதைப் பத்திரத்தில் வாசித்துப் பாருங்கள், புரியாவிட்டால் முகவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை.

ஹெல்மெட் எப்படிக் காப்பாற்றுகிறது

ஹெல்மெட் கடினமாக இருப்பதால்தான் தலை தப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வெளி ஓடு கடினமானதுதான். கூரான கல்லோ இரும்போ உள்ளே குத்தாமல் தடுப்பதும், அடியை அகலமான இடத்துக்குப் பரப்புவதும், தாரில் உரசிக்கொண்டு வழுக்கிப் போக விடுவதும் அதன் வேலை. உயிரைக் காப்பது அதற்கு உள்ளே இருக்கும் வெள்ளை நுரை. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வைத்து வருமே, நாம் ரிஜிபோம் என்று சொல்லும் அதே பொருள்தான். இன்னும் அடர்த்தியாக வார்த்திருப்பார்கள்.

கணக்கு மிக எளிது. ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து தலை விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர். வண்டி அசையாமல் நின்றபடி சரிந்தாலும் இந்த வேகம் வரும். அந்த வேகம் முழுவதும் பூச்சியமாக எவ்வளவு தூரம் கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெறுந்தலை கொங்கிறீற்றில் அடிபட்டால் சில மில்லிமீற்றர்தான் கிடைக்கும். 3 மில்லிமீற்றர் என்று வைத்தால் மூளை தாங்க வேண்டிய சராசரி விசை புவியீர்ப்பைப் போல 500 மடங்கு. அதே தலை 25 மில்லிமீற்றர் நுரையை நசுக்கிக்கொண்டு நின்றால் 60 மடங்கு. விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால் இந்த எண்கள் வரும், வேறு சூத்திரம் ஒன்றும் தேவையில்லை. ஐரோப்பிய ஈ.சி.ஈ. 22.05 தரத்தில் செக்கனுக்கு 7.5 மீற்றர் வேகத்தில் ஹெல்மெட்டை இரும்புத் தளத்தில் மோதவிட்டு, உள்ளே இருக்கும் பொம்மைத் தலைக்கு 275 மடங்கைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்குப் பின் வந்த 22.06 தரத்தில் சாய்வாக மோதும்போது தலை சுழல்வதையும் அளக்கிறார்கள்.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் தெரிகின்றன. நுரை இல்லாத தொப்பிக்கு நசுங்க ஒன்றுமே இல்லை. வெளி ஓடு தலையோடு ஒட்டி இருப்பது மட்டும்தான். இன்னொன்று, ஒருமுறை நசுங்கிய நுரை திரும்ப எழும்பாது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே நுரை அமுங்கி இருக்கலாம். அதனால்தான் தலையோடு சேர்த்து அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது, பழைய ஹெல்மெட்டை யாரிடமும் வாங்கக் கூடாது. வெறும் ஹெல்மெட் கையிலிருந்து முழங்கால் உயரத்தில் தவறி விழுந்தால் பயப்பட வேண்டியதில்லை. மாடிப்படியில் உருண்டு போயிருந்தால் உள்துணியை நீக்கி, நுரையில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2008 ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு, ஹெல்மெட் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 வீதமும் தலைக்காய அபாயத்தை ஏறத்தாழ 69 வீதமும் குறைக்கிறது என்று கண்டது. அது மரணத்தை முழுவதுமாகத் தடுத்துவிடாது. பஸ்ஸோடு நேருக்கு நேர் மோதினால் நெஞ்சும் வயிறும் தாங்காது. நகரத்தில் நடக்கும் பெரும்பாலான விழுகைகளில் வண்டி சறுக்கும், ஆள் பக்கவாட்டில் விழுவார், தலை தாரிலோ நடைபாதை விளிம்பிலோ அடிபடும். அந்த இடத்தில் 25 மில்லிமீற்றர் நுரைதான் வீட்டுக்குப் போவதையும் வைத்தியசாலைக்குப் போவதையும் பிரிக்கிறது.

கடையில் எதைப் பார்ப்பது

பஞ்சிகாவத்தை, மருதானைப் பக்கத்துக் கடைகளில் சங்கிலிபோல ஹெல்மெட்டுகள் தொங்கும். நிறத்தையும் ஸ்டிக்கரையும் பார்த்து எடுக்காதீர்கள். முதலில் உள்துணியை விரலால் ஒதுக்குங்கள். வெள்ளை அல்லது கறுப்பு நிறத்தில், நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதியும் கெட்டி நுரை உச்சியிலிருந்து காதுக்கு மேல் வரை தொடர்ச்சியாக இருக்க வேண்டும். மெல்லிய ஸ்பொஞ்ச் மட்டும் இருந்து, அதற்கு அப்பால் உடனே பிளாஸ்டிக் ஓடு தட்டுப்பட்டால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். எடையும் ஒரு குறிப்புத் தரும். முகம் மூடும் நல்ல ஹெல்மெட் பொதுவாக 1.3 முதல் 1.6 கிலோ வரை இருக்கும். கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தால் உள்ளேயும் ஒன்றுமில்லை.

அடுத்தது தர முத்திரை. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் தலைக்கவசத் தரம் எஸ்.எல்.எஸ். 517. இந்தியாவிலிருந்து வருபவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற இலக்கமும் இருக்கும். ஐரோப்பியத் தரமுள்ளவற்றில் பட்டியில் தைத்த ஒரு சிறு துணித் துண்டைத் தேடுங்கள். வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் 05 அல்லது 06 என்று தொடங்கும் அனுமதி இலக்கமும் இருக்கும். அந்த இலக்கத்தோடு சேர்ந்து பி என்ற எழுத்து இருந்தால் தாடைப் பகுதி பாதுகாப்புக்காகச் சோதிக்கப்பட்டது, என்.பி. என்றிருந்தால் தாடைப் பகுதி வெறும் தோற்றத்துக்கு. ஜே என்றால் தாடை திறந்த வகை. அமெரிக்க டொட் முத்திரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அந்த முறையில் தயாரிப்பாளரே தன் பொருள் தரமானது என்று சான்று சொல்லி ஸ்டிக்கர் ஒட்டுகிறார். அந்த ஸ்டிக்கர் தனியாகவும் அச்சடிக்கப்பட்டு விற்கிறது. பின்பக்கத்தில் டொட் என்று இருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

வகையைப் பொறுத்தவரை எங்கள் கருத்து தெளிவானது: முகம் மூடுவது. ஜெர்மன் ஆய்வாளர் டீட்மார் ஓட்டே விபத்தில் சிக்கிய ஹெல்மெட்டுகளை ஆராய்ந்தபோது, அடிபட்ட இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாடையைச் சுற்றியே இருந்தன. வெக்கைக்குப் பயந்து திறந்த ஹெல்மெட் எடுக்கிறவர்கள் அந்த மூன்றில் ஒரு பங்கைத் தோலுக்கும் எலும்புக்கும் விட்டுவிடுகிறார்கள். மேலே தூக்கக்கூடிய தாடை உள்ள வகையை வாங்கினால், ஓடும்போது அதை இறக்கிப் பூட்டியே வைக்க வேண்டும்.

அளவு எடுக்கத் தையல் நாடா போதும். புருவத்துக்கு ஏறத்தாழ 2 சென்றிமீற்றர் மேலே, பின்தலையில் மிகவும் புடைத்த இடத்தைச் சுற்றி அளவுங்கள். 55–56 சென்றிமீற்றர் எஸ், 57–58 எம், 59–60 எல், 61–62 எக்ஸ்எல். கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் மாறும், அதனால் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கூந்தலைக் கொண்டையாகப் போடும் பெண்கள் கொண்டையோடு அளவு பார்ப்பது பெரிய பிழை. கொண்டை ஹெல்மெட்டைத் தூக்கிப் பிடிக்கும், நெற்றி திறந்திருக்கும், விழும்போது முழுவதும் முன்னால் சரியும். பின்னலைக் கழுத்தோடு தாழ்வாகக் கட்டி அளவெடுங்கள். தலையை மூடும் துணி அணிகிறவர்கள் ஊசி, கிளிப் எதுவும் ஹெல்மெட்டுக்குள் வராதபடி மெல்லிய துணியைச் சுருக்கமில்லாமல் சுற்றிப் போட்டுப் பாருங்கள்.

போட்டபின் கன்னம் இரண்டும் லேசாக அழுந்த வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து இடமும் வலமும் திருப்பினால் அதனோடு நெற்றித் தோலும் அசைய வேண்டும். ஹெல்மெட் தனியாகச் சுற்றினால் பெரிது. பட்டியைப் பூட்டிவிட்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கி இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் விபத்திலும் கழன்று போகும். பத்து நிமிடம் கடைக்குள்ளேயே போட்டுக்கொண்டிருங்கள். ஓர் இடத்தில் மட்டும் கூராக வலித்தால் உங்கள் தலையின் வடிவத்துக்கு அது பொருந்தவில்லை. "போகப் போக விரியும்" என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. கன்னத்து ஸ்பொஞ்ச் கொஞ்சம் அமரும். கெட்டி நுரை விரியாது.

பட்டி

பூட்டாத பட்டியோடு இருக்கும் ஹெல்மெட் முதல் மோதலிலேயே தலையை விட்டுப் போய்விடும். தலை அடிபடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். கொழும்பில் பட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு போவதற்குக் காரணங்கள் பல: கழுத்தில் வியர்வை, சிக்னலில் இறங்கி ஏறுவது, போன் பேசுவது, தாடி. எதுவும் காரணமாகாது.

இரண்டு வகைப் பூட்டுகளைப் பார்ப்பீர்கள். கிளிக் பூட்டில் நாக்கை உள்ளே தள்ளும்போது சத்தம் கேட்க வேண்டும். பின்பு பட்டியை ஒருமுறை கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். இந்த வகையில் பட்டியின் நீளம் நாளாக நாளாக வழுக்கித் தளரும். மாதம் ஒருமுறை சரிசெய்ய வேண்டும். மற்றது இரட்டை வளையம். பட்டியை இரண்டு வளையங்களுக்குள்ளும் விட்டு, திருப்பி எடுத்து, ஒரு வளையத்துக்கு மேலாகவும் மற்றதற்குக் கீழாகவும் கொண்டுவந்து இழுக்க வேண்டும். நுனியில் இருக்கும் சிறு பொத்தான் மிச்சப் பட்டி காற்றில் அடிக்காமல் இருப்பதற்காக. வளையத்தில் கோர்க்காமல் அந்தப் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டுப் பூட்டியாயிற்று என்று நினைப்பவர்களைத் தினமும் காணலாம்.

பட்டி நாடியின் நுனியில் அல்லாமல், தாடைக்கு அடியில் தொண்டையை ஒட்டிப் போக வேண்டும். பட்டிக்கும் தோலுக்கும் இடையில் இரண்டு விரல் நுழையலாம். வாயை அகலத் திறந்தால் ஹெல்மெட் கீழே இழுபடுவது தெரிய வேண்டும்.

பின்னால் ஏறுகிறவர் அறிய வேண்டியது

ஏறுவதற்கு முன் ஓட்டுபவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, "ஏறுங்கோ" என்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் வண்டி இடதுபக்கமாகப் போவதால் ஏறுவதும் இறங்குவதும் இடதுபக்கம், நடைபாதைப் பக்கமாக. பெரும்பாலான வண்டிகளில் புகைக்குழாய் வலதுபக்கம் இருக்கிறது. வெறுங்காலில் பட்டால் கொப்புளம் நிச்சயம். ஏறியதும் இரண்டு காலும் கால்தாங்கியில் இருக்க வேண்டும். சிக்னலில் நின்றாலும் எடுக்க வேண்டாம். ஓட்டுபவரின் இடுப்பை அல்லது பின்கம்பியைப் பிடியுங்கள், தோளைப் பிடித்தால் ஹான்டில் ஆடும். வளைவில் ஓட்டுபவர் சாயும் பக்கமே நீங்களும் சாய வேண்டும். பயத்தில் எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் வண்டி நினைத்த கோட்டில் திரும்பாது.

சேலையும் துப்பட்டாவும் தனியாகப் பேச வேண்டியவை. சேலையோடு ஒருபக்கமாக அமரும்போது உடம்பின் பாரம் முழுவதும் ஒருபக்கம், பிடிமானம் ஒரு கை. பிரேக் பிடித்த உடனேயே முன்னால் வழுக்குவார்கள். முடிந்தவரை இரண்டு பக்கமும் கால் போட்டு அமருங்கள். திருமணத்துக்கோ ஆடிவேலுக்கோ சேலையில்தான் போக வேண்டுமானால் ஓட்டோவில் போவது நல்லது, செலவு சில நூறு ரூபாய்தான் கூடும். தவிர்க்க முடியாத நாளில் முந்தானையைச் சுற்றி எடுத்து இடுப்பில் செருகுங்கள், சேலைக் காவல் கம்பி இல்லாத வண்டியில் ஏறாதீர்கள். துப்பட்டாவின் நுனி பின்சில்லுக்குள் அகப்பட்டால் அது கழுத்தை இழுத்துக்கொண்டே சுற்றும். பிரேக் பிடிக்கும் முன்பே காயம் ஏற்பட்டுவிடும். இரண்டு நுனியையும் முன்னால் கொண்டுவந்து முடிந்து, மேலே ஒரு ஜக்கெற் போட்டுக்கொண்டால் போதும். அபாயாவின் கீழ்விளிம்புக்கும் மழைக்கோட்டுக்கும் இதே கவனம் தேவை.

பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது மனம் பொறுக்கவில்லை. பாடசாலை விடும் நேரம் ஸ்கூட்டியின் முன்தட்டில் நிற்கவைத்து, பின்னால் இன்னொரு பிள்ளையை இருத்தி, தாய் மட்டும் ஹெல்மெட்டோடு போவதை நாம் எல்லோரும் காண்கிறோம். வண்டியின் பதிவுச் சான்றிதழில் ஆசன எண்ணிக்கை எழுதியிருக்கிறது. மூன்றாவது ஆளுக்கு அதில் இடமில்லை. முன்னால் நிற்கும் பிள்ளை திடீர் பிரேக்கில் ஹான்டிலில் முகத்தை அடித்துக்கொள்ளும், பெரியவரின் முழு எடையும் பின்னாலிருந்து அதன் மேல் வரும். கால் கால்தாங்கியில் எட்டாத பிள்ளையை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. எட்டுகிற பிள்ளைக்குப் பிள்ளையின் அளவில் ஹெல்மெட் வாங்குங்கள். அப்பாவின் எல் சைஸ் ஹெல்மெட் பிள்ளையின் கண்ணை மறைக்கும், சுழலும், மெல்லிய கழுத்துக்குப் பாரமாகவும் இருக்கும். பிள்ளை வளர்வதால் ஒவ்வொரு பாடசாலைத் தவணையிலும் அளவைத் திரும்பப் பாருங்கள். பின்னால் இருந்தபடி தூங்கிவிடும் பிள்ளையைக் கயிறாலோ சேலையாலோ உங்களோடு கட்டிக்கொள்ளாதீர்கள். இறங்கி ஓட்டோ பிடியுங்கள்.

செயலியில் கூப்பிட்டு வரும் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு: ஓட்டுநர் நீட்டும் ஹெல்மெட்டை அப்படியே போடாதீர்கள், பட்டி பூட்டுகிறதா, உள்ளே நுரை இருக்கிறதா என்று பார்க்கப் பத்து செக்கன் போதும். பூட்டாவிட்டால் அந்தப் பயணத்தை வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை. தினமும் இப்படிப் போய்வருகிறவர்கள் சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்வதே சிறந்தது. மற்றவர்களின் வியர்வை அருவருப்பாக இருந்தால் மெல்லிய பருத்திக் கைக்குட்டையைத் தலையில் விரித்து மேலே போடுங்கள். மடித்துத் தடிப்பாக வைத்தால் ஹெல்மெட் பொருந்தாது.

ஓட்டுபவரின் பங்கு

இரண்டாவது ஆள் ஏறியதும் வண்டி வேறு வண்டியாகிவிடும். பின்சில்லில் பாரம் கூடுகிறது, முன்சில்லு இலேசாகிறது, நிற்க எடுக்கும் தூரம் நீள்கிறது. சங்கிலி மூடியிலோ பின்கவைக் கம்பியிலோ ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரில் தனியாகப் போகும்போதும் இருவர் போகும்போதும் எவ்வளவு காற்று வேண்டும் என்று இருக்கும். இருவருக்கு உரியதை அடியுங்கள். பின் ஷொக் அப்சோபரில் படி வைத்திருந்தால் ஒன்றிரண்டு படி கூட்டுங்கள். பிரேக்கை முன்கூட்டியே, இரண்டையும் சேர்த்து, மெதுவாகப் பிடியுங்கள். காலி வீதியில் பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் பஸ் இடதுபக்கம் வெட்டும் என்பதை நிச்சயமாக எடுத்துக்கொண்டு, அந்த இடைவெளிக்குள் நுழையாதீர்கள். ஆமர் வீதி, பேஸ்லைன் வீதிச் சந்திகளில் கொள்கலன் லொறிக்கு இடதுபக்கத்தில் நிற்பது இன்னும் ஆபத்து. சாரதிக்கு அந்த இடம் தெரியாது, லொறி திரும்பும்போது அதன் பின்சில்லுகள் உள்ளே வெட்டிக்கொண்டு வரும்.

வீட்டில் இரண்டு ஹெல்மெட் வாங்க ஒரு தொகைதான் இருக்கிறது என்றால் அதைச் சமமாகப் பிரித்து இரண்டு நடுத்தரமானவற்றை வாங்குங்கள். ஒன்றை விலை கூடியதாகவும் மற்றதைப் பேருக்காகவும் வாங்குவது, இரண்டில் எந்தத் தலை முக்கியம் என்று நீங்களே முடிவெடுத்ததாகிவிடும்.

பராமரிப்பு

கொழும்பின் வெயிலும் வியர்வையும் ஹெல்மெட்டை விரைவாகப் பழசாக்கும். ஐந்து வருடப் பாவனைக்குப் பிறகு மாற்றச் சொல்வது தயாரிப்பாளர்களின் பொதுவான ஆலோசனை. தேங்காயெண்ணெய் தேய்த்த தலையோடு தினமும் போட்டால் உள்துணி விரைவில் நாறும். கழற்றக்கூடிய துணியை வாரம் ஒருமுறை குழந்தைகளுக்கான ஷாம்புவில் கழுவி நிழலில் காய விடுங்கள். பெற்றோலாலோ தின்னராலோ ஓட்டைத் துடைக்காதீர்கள், பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரியாமல் பலமிழக்கும். பெயின்ற் அடிப்பதிலும் இதே சிக்கல் இருக்கிறது. நிறுத்தும்போது பக்கக் கண்ணாடியில் கவிழ்த்து மாட்டும் பழக்கத்தை விடுங்கள்: கண்ணாடியின் விளிம்பு உள் நுரையில் குழி போடும்.

ஒக்டோபர், நொவம்பர் மாலை மழையில் கண்ணாடியின் உட்புறம் புகையும். ஒரு பல் அளவு திறந்து வைத்தால் காற்றோட்டம் வந்து தெளியும். கறுப்புக் கண்ணாடி பகலுக்கு மட்டும்தான். கீறல் விழுந்த கண்ணாடியில் இரவில் எதிர்வெளிச்சம் சிதறி எதுவும் தெரியாது, கண்ணாடியை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம்.

விழுந்துவிட்டால்

யாராவது விழுந்து கிடந்தால் முதலில் பின்னால் வரும் வாகனங்களை மறியுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். பொலிசுக்கு 119. நம்மவர்கள் உடனே செய்வது இரண்டு: ஹெல்மெட்டைப் பிடுங்கிக் கழற்றுவது, தண்ணீர் பருக்குவது. இரண்டும் வேண்டாம். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் ஹெல்மெட்டை இழுக்கும் அந்த ஓர் அசைவே கைகால் வழங்காமல் செய்துவிடலாம். நினைவு குழம்பியவருக்குத் தண்ணீர் கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போகும். கண்ணாடியை உயர்த்துங்கள், பேசுகிறாரா, மூச்சு வருகிறதா என்று பாருங்கள், தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருங்கள். ஓட்டோவுக்குள் மடக்கிப் போட்டுக் கொண்டுபோவதைவிட அம்புலன்ஸுக்குக் காத்திருப்பது நல்லது.

மூச்சே வரவில்லை, வாந்தி அடைக்கிறது, உள்ளே இரத்தம் நிறைகிறது என்றால் மட்டும் கழற்றத்தான் வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் தலைமாட்டில் முழந்தாளிட்டு ஹெல்மெட்டையும் தாடையையும் சேர்த்து அசையாமல் பிடிக்க வேண்டும். மற்றவர் மூக்குக்கண்ணாடி இருந்தால் எடுத்து, பட்டியைக் கழற்றி அல்லது வெட்டி, ஒரு கையால் தாடையையும் மறு கையைக் கழுத்தின் அடியில் கொடுத்துப் பின்தலையையும் தாங்க வேண்டும். அதன்பிறகு தலைமாட்டில் இருப்பவர் ஹெல்மெட்டின் இரண்டு பக்கத்தையும் வெளிப்புறமாக விரித்து, மூக்கைத் தாண்டும் அளவு கொஞ்சம் பின்னால் சாய்த்து, மெதுவாக நேராக இழுப்பார். கழன்றதும் அவரே தலையை மறுபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். தலை நடுவில் ஒரு கணமும் ஆதாரமில்லாமல் தொங்கக் கூடாது.

எழுந்து நடந்து, "ஒண்டுமில்லை" என்று சொல்பவரையும் நம்பிவிடாதீர்கள். மண்டைக்குள் இரத்தக் கசிவு சில மணித்தியாலங்கள் கழித்தும் காட்டலாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, எழுப்ப முடியாத தூக்கம், கேட்டதையே திரும்பக் கேட்பது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வருவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இரவு எத்தனை மணியானாலும் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவுக்கு, அல்லது மிக அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் 24 மணித்தியாலத்துக்கு அவரைத் தனியாக விடாதீர்கள், மதுபானம் கொடுக்காதீர்கள், அஸ்பிரின் கொடுக்காதீர்கள்.

அந்த ஹெல்மெட்டையும் வைத்தியசாலைக்குக் கூடவே கொண்டுபோங்கள். எந்தப் பக்கம் அடிபட்டது, எவ்வளவு ஆழம் நுரை நசுங்கியது என்பதைப் பார்த்தால் வைத்தியருக்குத் தலையில் எங்கே தேட வேண்டும் என்பது தெரியும். காப்புறுதிக்கும் பொலிஸ் விசாரணைக்கும் அதன் படங்கள் தேவைப்படலாம். எல்லாம் முடிந்தபிறகு பட்டியை இரண்டு பக்கமும் கத்தரித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். பட்டியோடு போட்டால் யாராவது எடுத்துத் துடைத்து இன்னொருவரின் தலையில் வைப்பார்கள்.